கைதட்டல் கூலியாகுமா?
(முதியோர் விடுதித் தாதிகளின் மனவேதனையைப் பற்றிப் பேசியது)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாயிருக்கும். கொரோனா என்கின்ற கொள்ளை நோய் 2020-ம் வருஷத்தில் உலகமெங்கும் பரவியபோது, மேல்நாட்டு முதியோர் விடுதிகளில் வேலை பார்த்த தாதிகளும் சிப்பந்திகளும் எப்படிப்பட்ட மனவேதனைக்கு ஆளானார்கள், அதற்குக் காரணம் என்ன, பரிகாரம் என்ன என்பதுதான் விஷயம்.

"எங்கேயோ கனடாவில் ஒரு கிழவன் செத்தான், அவனுக்குத் தண்ணீர் கொடுத்த தாதி அழுதாள், அதைப்பற்றி இங்கு உட்கார்ந்துகொண்டு நமக்கென்ன பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். தாதி வேலை படித்துவிட்டு நம் நாட்டுப் பெண்கள் வருஷந்தோறும் இங்கிலாந்துக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். கனடா தேசத்து டொரண்டோ நகரத்தில் ஸ்கார்பரோ என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கு ஈழத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் ஏராளம். அவர்களில் பெண்கள் பலர் இந்த விடுதி வேலைதான் செய்கிறார்கள். நம் ஊரிலும் பிள்ளைகள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, பெற்றோரைக் கூலிக்கு ஆள்வைத்துப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் பெருகிக்கொண்டு வருகிறது. ஆகவே இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளைக்கு நமக்கு நேரக்கூடியதே ஆகும்.

நான் சொல்லுவதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

விடுதி என்றால் என்ன?

முதலாவதாக, முதியோர் விடுதி என்பது ஆஸ்பத்திரி அல்ல. ஆஸ்பத்திரிக்கு நோயாளி வருகிறான், பத்து நாள் இருக்கிறான், குணமாகிப் போகிறான், அல்லது செத்துப் போகிறான். விடுதி அப்படியல்ல. எழுந்து நடக்க முடியாதவர்கள், தன் பிள்ளையின் பெயரையே மறந்துவிட்டவர்கள், தானாகச் சோறு எடுத்துச் சாப்பிட முடியாதவர்கள் மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் அங்கேயே குடியிருக்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டுவதும், துணி மாற்றுவதும், ஊட்டுவதும், மலஜலம் சுத்தம் செய்வதும், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பதும் அங்குள்ள சிப்பந்திகளின் வேலை. இவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பெரிய பட்டணங்களில் இவர்களில் அநேகர் வேறு தேசங்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள்.

மலஜலம் எடுக்கும் வேலையை யாருக்கு ஒதுக்குவது, அந்த வேலை செய்கிறவனை எங்கே வைப்பது என்பது நமக்குத் தெரியாத சங்கதியல்ல. அந்த நாடுகளில் நம்முடைய ஜாதி இல்லாவிட்டாலும், அழுக்கைத் தொடுகிற கைக்குக் குறைந்த கூலியும் குறைந்த மரியாதையும் கொடுக்கும் புத்தி மாத்திரம் அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. சம்பளம் குறைவு. அநேகருக்கு முழுநேர வேலை கிடையாது. காலையில் ஒரு விடுதி, மாலையில் மற்றொரு விடுதி என்று ஓடினால்தான் வீட்டு வாடகை கொடுக்கலாம். நோய் என்று படுத்துக்கொண்டால் அன்றைய கூலி போய்விடும். இதுதான் கொள்ளை நோய் வருவதற்கு முன்னாலேயே இருந்த நிலைமை.

நோய் வந்தது

அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தில் கர்க்லாந்து என்று ஓர் ஊர். 2020 பிப்ரவரிக் கடைசியில் அவ்வூர் விடுதி ஒன்றில் கொரோனா கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச்சு 18-ந் தேதிக்குள் அந்த ஒரு விடுதியைச் சேர்ந்தவர்களில் 167 பேருக்கு நோய் உறுதியாயிற்று. அதில் 101 பேர் அங்கு குடியிருந்தவர்கள், 50 பேர் சிப்பந்திகள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். குடியிருந்தவர்களில் 34 பேர் இறந்தார்கள். நோய் ஏன் இப்படிப் பரவிற்று என்று அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் விசாரித்து எழுதியதில், சிப்பந்திகள் உடம்பு சரியில்லாதபோதும் வேலைக்கு வந்தார்கள் என்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வேலை பார்த்தார்கள் என்பதும், போதுமான பாதுகாப்புச் சாமான்கள் இல்லை என்பதும் காரணங்களாகக் கண்டிருக்கின்றன.

இதைப் படித்த சிலர், "பார்த்தாயா! இந்தத் தாதிகளே நோயைக் கொண்டுவந்து கிழவர்களைக் கொன்றுவிட்டார்கள்" என்று சொன்னார்கள். தோழர்களே, காய்ச்சலோடு ஒருத்தி வேலைக்கு ஏன் வருகிறாள்? ஆசைக்கா வருகிறாள்? படுத்தால் கூலியில்லை என்று விதி செய்தவன் யார்? ஒரு விடுதியில் முழுநேர வேலை கொடுக்காமல் அவளை இரண்டு விடுதிக்கு ஓடவைத்தவன் யார்? முகமூடி வாங்கி வைக்காதவன் யார்? இத்தனை பேரையும் விட்டுவிட்டு, கடைசியில் கிழவன் வாயில் கஞ்சி ஊற்றியவள் தலையில் கொலைப் பழியைப் போடுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இதை நான் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான விடுதிகளைக் கணக்கெடுத்து, 2020 ஜூலையில் அந்நாட்டுப் புள்ளிவிவர இலாகா ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. சிப்பந்திகளுக்கு நோய்க்காலச் சம்பளம் கொடுத்த விடுதிகளில் குடியிருந்தவர்களுக்கு நோய் குறைவாகவே இருந்தது என்றும், அன்றாடம் வெளியாட்களைக் கூலிக்குப் பிடித்து வேலை வாங்கிய விடுதிகளில் நோய் அதிகமாயிருந்தது என்றும் அதில் கண்டார்கள். அதாவது தாதிக்கு மிச்சம் பிடித்த காசு கிழவனின் உயிரைக் கொண்டு போயிற்று என்று அர்த்தம்.

கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். முதல் அலையில், 2020 மே மாதக் கடைசி வரையில், அந்த நாட்டில் கொரோனாவால் செத்தவர்களில் 100-க்கு 80-க்கு மேற்பட்டவர்கள் முதியோர் விடுதிகளைச் சேர்ந்தவர்கள். அதேசமயம் கணக்குக் கிடைத்த மற்றப் பணக்கார நாடுகளின் சராசரி 100-க்கு 38. பல விடுதிகளில் சிப்பந்திகளில் ஒரு பாகம் பேர் நோயில் விழுந்தார்கள், ஒரு பாகம் பேர் பயந்து வராமல் நின்றுவிட்டார்கள். மீதியிருந்த கொஞ்சம் பேர் இரவு பகலாக நின்றார்கள். கடைசியில் சர்க்கார் பட்டாளத்தை அனுப்ப வேண்டியதாயிற்று. சண்டை போடுவதற்கல்ல, கிழவிக்குச் சோறு ஊட்டுவதற்கு! ஒன்டாரியோ மாகாணத்தில் 5 விடுதிகளுக்குப் போன பட்டாளத்தார் எழுதிய அறிக்கையை 2020 மே 26-ந் தேதி மாகாண சர்க்கார் வெளியிட்டது. கரப்பான் பூச்சியும் ஈயும் மொய்த்ததும், உதவி கேட்டுக் கூப்பிட்டவர்களுக்கு இரண்டு மணி நேரம் வரையில் பதில் இல்லாததும் அதில் கண்டிருக்கின்றன. இன்னொன்றும் அதில் இருக்கிறது. சாமான்களை எடுத்து உபயோகித்தால் செலவாகிவிடுமே என்று பயப்படும்படியான ஒரு பழக்கம் அங்கே இருந்ததாம். கட்டுப்போடும் துணி அலமாரியில் இருக்கிறது, புண் கிழவரின் உடம்பில் இருக்கிறது, நடுவில் நிற்கிற தாதிக்கு எஜமானனிடம் பயம்! இந்தப் பயத்தோடு வருஷக்கணக்கில் வேலை செய்கிறவளுக்கு மனம் எப்படி ஆரோக்கியமாக இருக்க முடியும்?

மனத்தில் விழுந்த அடி

இனி மனவேதனையைப் பற்றிச் சொல்லுகிறேன். மனத்துக்கு நோய் என்றால் நம் ஜனங்கள் ஒன்று "பைத்தியம்" என்பார்கள், அல்லது "தைரியமில்லாதவள்" என்பார்கள், அல்லது "தலைவிதி" என்று சொல்லிப் போய்விடுவார்கள். காலில் ஆணி தைத்தால் ஏன் வலிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை; மனத்தில் ஆணி தைத்தால் மாத்திரம் வலிக்கக்கூடாது என்கிறார்கள். இது அறிவுக்குப் பொருந்தாது. காரணமிருந்தால் காரியமிருக்கும். அந்தத் தாதிகளின் மனத்தில் என்னென்ன ஆணிகள் தைத்தன என்று தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது பயம். தனக்கு நோய் வரும் என்கின்ற பயம் ஒருபுறம். அதைவிடப் பெரிது, வீட்டிலுள்ள குழந்தைக்கும் மாமியாருக்கும் கொண்டுபோய்விடுவோமோ என்கின்ற பயம். இது வெறும் பிரமையல்ல. இங்கிலாந்தில் புள்ளிவிவர இலாகா கணக்கெடுத்ததில், முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்த ஆண்களும் சரி, பெண்களும் சரி, அதே வயதுள்ள மற்ற ஜனங்களைவிட அதிக வீதத்தில் கொரோனாவால் செத்திருக்கிறார்கள்.

இரண்டாவது துக்கம். ஆஸ்பத்திரித் தாதிக்கு நோயாளி பத்து நாள் பழக்கம். விடுதித் தாதிக்கு அந்தக் கிழவி ஐந்து வருஷப் பழக்கம். காப்பியில் எத்தனை கரண்டி சர்க்கரை வேண்டும், எந்தப் பாட்டுப் போட்டால் அழுகையை நிறுத்துவாள், எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவாள் என்பதெல்லாம் இவளுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் ஒரு வாரத்தில் ஐந்து பேர், பத்து பேர் என்று போனால் இவள் யாரிடம் போய் அழுவது? செத்தவளுக்கு இவள் மகளா, மருமகளா? ரத்த சம்பந்தம் இல்லாதவளின் துக்கத்துக்கு லீவு கிடையாது. ஓர் உடலை மூடி அனுப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாவது, தனிமையில் சாகிறவர்களைப் பார்த்தது. அமெரிக்காவில் 2020 மார்ச்சு 13-ந் தேதி மத்திய சர்க்கார், சாகுந்தறுவாய் போன்ற சில சமயங்கள் தவிர, விடுதிகளுக்குப் பார்வையாளர் யாரும் வரக்கூடாது என்று கட்டளையிட்டது. மற்ற நாடுகளிலும் அப்படியே செய்தார்கள். நோயைத் தடுக்க அது வேண்டியதாயிருந்திருக்கலாம். ஆனால் அதன் பாரம் யார் தலையில் விழுந்தது? மகன் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நிற்பான், தகப்பன் உள்ளே கிடப்பான். மறதி நோய் உள்ள கிழவிக்கு மகள் ஏன் வரவில்லை என்பது விளங்காது. முகமூடி போட்ட தாதியைப் பார்த்துப் பயந்து அலறுவாள். சாகிறவரின் முகத்துக்கு நேராகத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பெண்ணும் பிள்ளையும் கதறுவதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் இந்தத் தாதிதான்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் செய்ய முடியாமல் நின்றது. பத்துப் பேருக்கு ஊட்ட வேண்டும், இருப்பது இரண்டு கை. ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தால் மற்றவர் தாகத்தோடு கிடப்பார். இன்றைக்கு யாரை விடுவது என்று இவள் தீர்மானிக்க வேண்டும். வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோனதன் ஷே என்கின்ற அமெரிக்க மனநோய் டாக்டர் இம்மாதிரியான புண்ணுக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் "மனசாட்சிக் காயம்" எனலாம். மேலே இருப்பவன் செய்த அநியாயத்துக்குக் கீழே இருப்பவனின் கை கருவியாகிவிடும்போது ஏற்படும் காயம் அது. சுட உத்தரவிட்டவன் நன்றாகத் தூங்குகிறான், சுட்டவனுக்குத் தூக்கமில்லை. செலவைக் குறைத்தவன் லாபக் கணக்குப் பார்க்கிறான். அதனால் ஊட்ட முடியாமல் போன தாதி "நான்தான் கொன்றேனோ" என்று நடுராத்திரியில் எழுந்து உட்காருகிறாள்.

இந்தக் காயங்களின் அறிகுறிகள் இவை: தூக்கம் வராது, வந்தாலும் செத்தவர்கள் கனவில் வருவார்கள். கதவு தட்டினால் உடம்பு நடுங்கும். பெற்ற பிள்ளை மேலேயே எரிந்து விழச் சொல்லும், அல்லது எதிலும் ஓர் உணர்ச்சியில்லாமல் கட்டை மாதிரி இருக்கச் செய்யும். கொஞ்ச நாளைக்கு இருந்தால் இது இயற்கை, தானே தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் விடாமல் பிடித்துக்கொண்டு, வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய நோய். அதற்கு வைத்தியமும் உண்டு, குணமும் உண்டு. இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

பட்டமும் பதக்கமும்

சரி, இவ்வளவு பாடுபட்டவர்களுக்குச் சமூகம் என்ன செய்தது? கைதட்டிற்று!

இங்கிலாந்தில் 2020 மார்ச்சு 26-ந் தேதி முதல் மே 28-ந் தேதி வரையில் 10 வாரம், வியாழக்கிழமைதோறும் இரவு 8 மணிக்கு ஜனங்கள் வாசலில் வந்து நின்று கை தட்டினார்கள், தட்டு முட்டுச் சாமான்களைத் தட்டினார்கள். மந்திரிகளும் தட்டினார்கள். ஏப்ரல் மாதத்தில் சுகாதார மந்திரி மேட் ஹான்காக் அவர்கள் பராமரிப்பு வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு பச்சைச் சின்னத்தை எடுத்துக் காட்டினார். சட்டையில் குத்திக்கொண்டால் கௌரவமாம். அதே காலத்தில், தனிமையில் இருக்க வேண்டிய சிப்பந்திக்குச் சட்டப்படி கிடைத்த நோய்க்காலப் படி வாரத்துக்கு 95 பவுனும் 85 பென்சும்தான். அந்தப் பணத்தில் அந்த நாட்டில் ஒரு குடும்பம் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியுமா? அதே மந்திரி சபையின் ஆட்சியில்தான், மார்ச்சு 17 முதல் ஏப்ரல் 15 வரையில் சுமார் 25,000 பேரை ஆஸ்பத்திரிகளிலிருந்து விடுதிகளுக்கு அனுப்பினார்கள். நோய் இருக்கிறதா என்று எல்லோரையும் சோதித்த பிறகே அனுப்ப வேண்டும் என்கின்ற விதி ஏப்ரல் 15-ல்தான் வந்தது. நோய்க்குறி இல்லாதவர்களாலும் நோய் பரவும் என்கின்ற ஆபத்தைக் கவனிக்காமல் செய்த அந்த ஏற்பாடு சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரல் 27-ந் தேதி லண்டன் உயர்நீதி மன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கை தட்டிய ஜனங்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் நல்ல எண்ணத்தோடு தட்டினார்கள். ஆனால் கை தட்டியவனுக்கு ஒரு செலவும் இல்லை என்பதையும், கொடுக்க வேண்டியவன் அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொண்டான் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் விடுதி வாசல்களில் "இங்கு வீரர்கள் வேலை செய்கிறார்கள்" என்று பலகை வைத்தார்கள். இந்தப் பலகையில் ஒரு சூது இருக்கிறது. வீரன் என்றால் அவன் பயப்படக்கூடாது, அழக்கூடாது, கூலி உயர்வு கேட்கக்கூடாது. "தாயே, தெய்வமே, பூமாதேவியே" என்று சொல்லியே நம் பெண்களை அடுப்படியில் வைத்திருக்கிறோமே, அந்த வித்தைக்கும் இந்த வித்தைக்கும் என்ன வித்தியாசம்? தெய்வம் என்று சொல்லிவிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? தெய்வத்துக்குத் தூக்கம் எதற்கு, லீவு எதற்கு?

ஆட்சேபணைகள்

இதற்குச் சில ஆட்சேபணைகள் சொல்லுகிறார்கள். அவைகளையும் பார்த்துவிடுவோம்.

"பணத்தைக் கொடுத்தால் துக்கம் போய்விடுமா?" என்கிறார்கள். செத்தவர் வரமாட்டார், துக்கமும் பணத்தால் போகாது. ஆனால் பயமும் பழியும் அநேகமாகப் பணமில்லாததால்தான் வந்தன. ஒரே விடுதியில் முழுச் சம்பளம் கிடைத்திருந்தால் அவள் இரண்டு இடத்துக்கு ஓடியிருக்கமாட்டாள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2020 மார்ச்சிலேயே, ஒருவர் ஒரு விடுதியில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, அதனால் யாருக்கும் நஷ்டம் வராதபடி கூலியையும் சமப்படுத்தினார்கள். ஒன்டாரியோவில் அந்த உத்தரவு ஏப்ரல் 22-ந் தேதிதான் அமுலுக்கு வந்தது.

"இந்த வேலைக்கு யாரும் வருவதில்லையே, ஆளில்லாமல் என்ன செய்வது?" என்கிறார்கள். இதற்குக் கியூபெக் மாகாணம் பதில் சொல்லியிருக்கிறது. முதல் அலையில் அங்கேதான் கனடாவிலேயே சாவு அதிகம். 2020 ஜூனில் அந்த மாகாண சர்க்கார், விடுதி வேலைக்கு 10,000 பேர் தேவை, மூன்று மாதம் சம்பளத்தோடு பயிற்சி, பிறகு மணிக்கு 26 டாலர் கூலி என்று அறிவித்தது. கேட்ட எண்ணிக்கைக்குப் பல மடங்கு பேர் மனுப் போட்டார்கள். ஆகவே ஆளில்லை என்பது பொய். அந்தக் கூலிக்கு ஆளில்லை என்பதே மெய்.

"மனத்தைத் தேற்றுவதற்கு நிபுணரை வைத்து உபதேசம் செய்யச் சொன்னோமே, தியானம் பழகச் சொன்னோமே?" என்கிறார்கள். தனியாக உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுவதில் ஒருவருக்குச் சுகமிருந்தால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் முகமூடி கேட்டவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது பரிகாசம். வேலையால் மனம் தீய்ந்துபோவது என்பதை உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-ல் விளக்கியபோது, அதை ஒரு தனி மனிதனின் வியாதியாகச் சொல்லாமல், சரியாகக் கவனிக்கப்படாத வேலைக்களத்துச் சங்கடங்களின் விளைவு என்றே சொல்லியிருக்கிறது. அப்படியானால் வைத்தியம் முதலில் வேலைக்களத்துக்குத்தானே செய்ய வேண்டும்? விபத்து நடந்தவுடன் எல்லோரையும் ஒரு நாள் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைத்து அனுப்பிவிடுகிற முறை, பிற்பாடு வரும் மனநோயைத் தடுப்பதில்லை என்று இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டி ஸ்தாபனமே 2018-ல் சொல்லி, அதைச் செய்ய வேண்டாம் என்று எழுதியிருக்கிறது.

அப்படியானால் எதுதான் பயன்படும்? இதற்கும் கொரோனாவுக்கு முன்னாலேயே விடை கிடைத்திருந்தது. 2003-ல் டொரண்டோவில் சார்ஸ் என்கின்ற தொற்று நோய் வந்து 44 பேர் செத்தார்கள். அந்நோயாளிகளைப் பார்த்த ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளையும், பார்க்காத ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளையும் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து ஆராய்ந்தார்கள். நோயைப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு காலம் கழித்தும் மனச்சோர்வும் வேதனையும் அதிகமாகவே இருந்தன. ஆனால் தங்களுக்குப் போதிய பயிற்சியும், பாதுகாப்பும், ஆதரவும் கிடைத்தது என்று எண்ணியவர்களுக்கு அவ்வேதனை குறைவாயிருந்தது. இதை 2006-ல் அச்சிட்டு வெளியிட்டார்கள். அதே சார்ஸைப் பற்றி விசாரித்த நீதிபதி காம்ப்பெல் அவர்கள், விஞ்ஞானிகளின் முடிவான ருஜுவுக்குக் காத்திராமல் சிப்பந்திகளுக்கு முன்கூட்டியே பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். 13 வருஷம் கழித்து அதே மாகாணத்தில் விடுதித் தாதிகள் முகமூடிக்கு அலைந்தார்கள் என்றால், புத்தி சொல்ல ஆளில்லாததாலா? புத்தி சொன்னவர்கள் இருந்தார்கள். கேட்க வேண்டியவர்களுக்குச் செலவு செய்ய மனமில்லை. இந்தக் குற்றத்தை 2021 ஏப்ரலில் வெளியான ஒன்டாரியோ விசாரணைக் கமிஷன் அறிக்கையும் எடுத்துச் சொல்லியிருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

ஆகவே தோழர்களே, மனநோய்க்கு மருந்து மனத்தில் மாத்திரம் இல்லை என்பது விளங்கும். நோய் வந்தால் சம்பளம் வெட்டாத லீவு வேண்டும். ஒரே இடத்தில் பிழைக்கக்கூடிய முழுநேர வேலை வேண்டும். இத்தனை முதியோருக்கு இத்தனை பேர் என்று சட்டம் வேண்டும். ஒன்டாரியோவில், விடுதியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குச் சராசரி 4 மணி நேரப் பராமரிப்பு என்று ஓர் இலக்கு வைத்ததே இத்தனை பேர் செத்த பிறகுதான். பாதுகாப்புச் சாமான் பூட்டிய அலமாரியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். குறையை வெளியில் சொன்னவளை வேலையை விட்டு நீக்கக்கூடாது. செத்தவர்களுக்காக அழுவதற்கு அவளுக்கும் கொஞ்சம் நேரமும், கூட உட்கார்ந்து கேட்கும் கூட்டாளியும் வேண்டும். அதற்குமேல் நோயாகிப் போனவளுக்குச் செலவில்லாமல் நல்ல டாக்டர் வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, பிறகு வேண்டுமானால் கையும் தட்டுங்கள். அப்போது அந்தச் சத்தம் அவள் காதுக்கு இனிமையாயிருக்கும்.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ந் தேதி கொரோனா அவசர நிலைமை முடிந்தது என்று சொல்லிவிட்டது. கட்டளை போட்டதும் முடிவது அவசர நிலைமை. தாதியின் தூக்கமின்மை அப்படி முடிகிறதில்லை. அமெரிக்காவில் மாத்திரம் கொள்ளை நோய் தொடங்கியதிலிருந்து 2022-க்குள் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விடுதி வேலையிலிருந்து குறைந்துபோனார்கள். அவர்கள் சும்மா போகவில்லை. கற்ற கையும், கிழவர்களின் குணமறிந்த அனுபவமும் அவர்களோடு போய்விட்டன. அடுத்த நோய் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் அதன் முன்னால் நிற்கப்போகிறவர்கள் யார்?

கடைசியாக, உங்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே நீங்கள் தாய் தகப்பனை ஒரு விடுதியில் விடப் போனாலும் சரி, வீட்டில் ஆள் வைக்கப் போனாலும் சரி, சுவர் வெள்ளையாயிருக்கிறதா, வாசலில் பூச்செடி இருக்கிறதா என்று மாத்திரம் பார்த்துவிட்டு வராதீர்கள். ராத்திரியில் எத்தனை முதியோருக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தால் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். அவள் எத்தனை இடத்தில் வேலை செய்கிறாள், எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்று கேளுங்கள். அவளுடைய பெயர் என்ன என்றாவது கேளுங்கள். "ஆயா" என்று கூப்பிட்டுப் பழகிப்போன நாம் அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்பதையே மறந்திருக்கிறோம். உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் இந்த வேலைக்குப் போயிருந்தால், ராத்திரி வேலை முடிந்து வந்தவள் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது, "பணம் எவ்வளவு அனுப்பினாய்?" என்று கேட்பதற்கு முன்னால், "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அவள் அழுதால் அழட்டும். அதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள்.

இவைகளையெல்லாம் உங்கள் அறிவைக் கொண்டு நன்றாக யோசித்துப் பார்த்து, சரியென்று தோன்றினால் உங்களாலானதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.